கோட்டுக்குப் பக்கத்திலேயே பெயர்

வரைபடத்தில் ஒரே ஒரு கோடு இருந்தால் மேலே உள்ள தலைப்பே அதற்குப் பெயராகிவிடும். இரண்டாவது கோடு வந்துவிட்டால் எது யாருடையது என்று சொல்லியாக வேண்டும். மருந்துப் பரிசோதனைகளின் தரவை அலசி, அறிக்கைக்கு அட்டவணையும் வரைபடமும் போட்டுக் கொடுப்பது என் தொழில். சென்னையில் உட்கார்ந்துகொண்டு சாஸ், ஆர், ஸ்டேட்டா என்ற மூன்று மென்பொருள்களிலும் வேலை பார்த்திருக்கிறேன். கணக்கு பிசகிவிடாமல் இருக்க இந்தத் தொழிலில் காவல் அதிகம். ஒரே அட்டவணையை இரண்டு பேர் ஒருவர் புரோகிராமை ஒருவர் பார்க்காமல் எழுதுவார்கள். விடைகள் கடைசித் தசமம் வரை ஒத்துப்போனால்தான் வெளியே போகும். கோட்டின் மேல் எழுதுகிற பெயருக்கு மட்டும் அந்தக் காவல் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் கையால் தட்டிவிடுகிறார். அந்தப் பெயர் இடம் மாறினால், அதற்கு முன் செய்த கணக்கு அத்தனையும் சரியாக இருந்தும், வேலை செய்த மருந்து வேலை செய்யாததாகிவிடும்.

வில்லியம் பிளேஃபேர் 1786இல் லண்டனில் வெளியிட்ட வணிக அட்லஸைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது. இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை டென்மார்க், நார்வே நாடுகளோடு செய்த வாணிபம் அதில் ஒரு படம். ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு. இரண்டின் பெயரும் அந்தந்தக் கோட்டை ஒட்டி, அது வளைகிற போக்கிலேயே வளைந்து ஓடுகிறது. நடுவில் உள்ள பரப்பில், எந்தக் காலத்தில் வாணிபம் இங்கிலாந்துக்குச் சாதகமாக இருந்தது, எப்போது பாதகமாக இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். மூலையில் தனிப்பெட்டி எதுவும் கிடையாது. செப்புத் தகட்டில் செதுக்குகிறவருக்கு எழுத்தை மூலையில் வைப்பதும் கோட்டின் மேல் வைப்பதும் ஒரே உழைப்புதான். மென்பொருளுக்கு அப்படியில்லை. கோடுகள் எங்கே போகும், எங்கே வெற்றிடம் இருக்கும் என்பது அதற்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் எந்தத் தரவு வந்தாலும் பழுதில்லாமல் போடக்கூடியது மூலையில் ஒரு பெட்டிதான் என்று ஆகி, அந்த லெஜண்டே எல்லா மென்பொருளிலும் வழக்கமாகிவிட்டது என்பது என் எண்ணம்.

“லெஜண்ட் இருக்கே சார், அது போதாதா?” என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் ஐந்து கோடு உள்ள படம் ஒன்றைக் கொடுத்து, மூன்றாம் மாதத்தில் மேலே இருப்பது எந்தக் குழு, ஆறாம் மாதத்தில் எது என்று கேட்பேன். கண் கோட்டின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் போகும், அங்கே அதே நிறத்தைத் தேடும், பெயரைப் படித்துத் திரும்பும். திரும்பும்போது எந்த இடத்திலிருந்து கிளம்பினோம் என்பது மறந்திருக்கும். நீலமும் கருநீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இன்னொரு நடை. எட்வர்ட் டஃப்டி 1983இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்திலேயே இந்த அலைச்சலைக் கண்டித்து, சொல்லைப் படத்தின் மேலேயே எழுதுங்கள் என்று வற்புறுத்தியிருக்கிறார். படிப்பவர் மருத்துவர்; அவர் யோசிக்க வேண்டியது நோயாளியைப் பற்றி, எங்கள் நிறங்களைப் பற்றி அல்ல.

அலைச்சலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆர் மென்பொருளின் சர்வைவல் பேக்கேஜில் லங் என்றொரு டேட்டாசெட் கூடவே வரும். முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 228 பேர். அதில் ஆண்கள் 138, பெண்கள் 90. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று எண் போட்டிருப்பார்கள். கப்லான், மையர் இருவரும் 1958இல் எழுதிய கட்டுரையின் முறைப்படி உயிர்வாழ் கோடு போட்டால் ஆண்களின் மீடியன் 270 நாள், பெண்களுடையது 426 நாள். சர்வ்ஃபிட் கொடுத்து பிளாட் செய்தால் இரண்டு படிக்கட்டுக் கோடுகள் வரும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டும் கறுப்பு. முதலில் வரைவது 1, அடுத்தது 2. பெயரை அது எழுதாது, நாம்தான் லெஜண்ட் ஃபங்ஷனில் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் கை வழுக்குகிறது. பாலினம் எழுத்தாக இருக்கும் டேட்டாசெட்டுகளில் ஆர் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கும்; ஃபீமேல் முன்னால், மேல் பின்னால். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அப்படியே லெஜண்ட் எழுதிவிட்டால் ஆண்கள் 426 நாள் வாழ்வதாகப் படம் சொல்லும். ஆர் ஒரு எச்சரிக்கையும் காட்டாது. அதைப் பொறுத்தவரை லெஜண்ட் என்பது படத்தின் மேல் ஒட்டிய வெறும் எழுத்து; கோட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படமும் பார்க்க லட்சணமாகவே இருக்கும். படத்தை மட்டும் பார்க்கிற எவராலும் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே என்னிடம் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: பெயரை உன் மனதிலிருந்து எடுக்காதே, கோட்டை எங்கிருந்து எடுத்தாயோ அங்கிருந்தே எடு. எண்ணை முதலிலேயே ஃபேக்டராக மாற்றி ஆண்கள், பெண்கள் என்று அதற்குள்ளேயே எழுதிவிட வேண்டும். பிறகு சர்வ்ஃபிட் தருகிற விடைக்குள் ஸ்ட்ராட்டா என்றொரு பகுதி இருக்கும். வரைகிற வரிசையும் பெயரும் அதில் ஒன்றாகவே வரும். அதை உருவி லெஜண்டுக்குக் கொடுத்தால் வரிசை மாற வழியே இல்லை. ஆரிலேயே ஜீஜீபிளாட் பேக்கேஜில் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. நிறத்தை எந்த மாறிக்குக் கட்டுகிறோமோ அதன் மதிப்பே பெயராகவும் வருகிறது. அதை எழுதிய ஹேட்லி விக்கம் செய்த உபகாரங்களில் இதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன்; அழகான படங்களெல்லாம் அதற்கப்புறம். அங்கேயும் ஒரு குறை உண்டு. பெட்டிக்குள் பெயர்கள் அகரவரிசையில் நிற்கும், வலது ஓரத்தில் கோடுகள் வேறு வரிசையில் முடியும். ஃபோர்கேட்ஸ் பேக்கேஜில் எஃப்சிடி ரீஆர்டர்2 என்ற ஃபங்ஷனை இதற்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசிப் புள்ளியின் உயரத்தைப் பார்த்துப் பெயர்களை அடுக்கிக் கொடுக்கும். லெஜண்ட் வைத்தே தீர வேண்டும் என்கிற பத்திரிகைகளுக்கு நான் இதைப் போடாமல் அனுப்புவதில்லை.

மருந்துப் பரிசோதனை வேலையில் வெளியார் அறியாத ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பது கடைசிவரை எங்களுக்கும் மறைவு. ஆனால் வரைபட புரோகிராம்கள் அதற்கு முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் பொய்யான ஒரு குழுவை ஒதுக்கி, அந்த டம்மி தரவில் புரோகிராம் எழுதுகிறோம். எதேச்சையாகப் பிரித்த குழுக்கள் என்பதால் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே போகும். உண்மையான ஒதுக்கீடு வருகிற நாளில் அதே புரோகிராம், ஒரு எழுத்தும் மாறாமல், உண்மைத் தரவில் ஓட வேண்டும். கோடு எங்கே போகும் என்று தெரியாமலேயே அதற்குப் பெயர் எழுதி வைக்கிற வேலை இது.

இந்த வழக்கம் தெரிந்தவர்களுக்கு, பெயரின் இடத்தைக் கையால் எண் கொடுத்து நிறுத்துவது ஏன் ஆகாது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆரில் லொக்கேட்டர் என்று உண்டு. படத்தின் மேல் மவுசால் தொட்டால் அந்தப் புள்ளியின் எண்களைச் சொல்லும். ஒரு தடவை போடுகிற படத்துக்கு அது வசதி. அறிக்கைக்கு விஷம். நான் கையேற்றுக்கொண்ட ஒரு பழைய சாஸ் புரோகிராமில் மேல்கோட்டின் பெயரும் கீழ்க்கோட்டின் பெயரும் அனொட்டேட் டேட்டாசெட்டில் நிலையான உயரத்தில் எழுதப்பட்டிருந்தன. இடைக்கால ஆய்வுக்கு அது சரியாகவே இருந்திருக்கிறது. இறுதித் தரவு வந்தபோது கோடுகள் இடையில் ஒன்றையொன்று வெட்டி இடம் மாறிவிட்டன. பெயர்கள் பழைய உயரத்திலேயே நின்றன. எழுதியவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. மீளாய்வு செய்த மருத்துவர் அட்டவணையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தப்பித்தது.

சாஸில் இப்போது எஸ்ஜிபிளாட் இருக்கிறது. சீரீஸ் அல்லது ஸ்டெப் வரியில் குரூப் கொடுத்து, சாய்கோட்டுக்குப் பின் கர்வ்லேபிள் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். குழுவின் பெயரைத் தரவிலிருந்தே எடுத்து, கோடு முடிகிற இடத்தைத் தானே கண்டுபிடித்து எழுதிவிடும். அச்சுக்கு வெளியே வேண்டுமென்றால் கர்வ்லேபிள்லாக் என்பதற்கு அவுட்சைட் என்று கொடுக்கலாம். இத்தனை சுலபமான ஒன்றைப் பயன்படுத்தாமல் இன்னும் பலர் கீழே லெஜண்டை நீட்டுகிறார்களே என்று எனக்கு ஆதங்கம் உண்டு. சாஸில் கவனிக்க வேண்டிய இன்னொன்று நிறம். அது குழுக்களுக்கு, தரவில் வருகிற வரிசைப்படி நிறம் கொடுக்கும். வயதுவாரியாகப் பக்கம் பக்கமாகப் படம் போடும்போது ஒரு பக்கத்தில் ஒரு குழுவே இல்லாமல் போனால், அடுத்த குழு அதன் நிறத்தை எடுத்துக்கொள்ளும். முந்தைய பக்கத்தில் சிவப்பாக இருந்த மருந்து இந்தப் பக்கத்தில் நீலம். இன்ன பெயருக்கு இன்ன நிறம் என்று ஒரு சிறு டேட்டாசெட்டில் எழுதி, டி-அட்டர்-மேப் வழியாகக் கொடுத்துவிட்டால் இது நேராது. ஜீஜீபிளாட்டில் நிறப் பட்டியலுக்குப் பெயர் சூட்டிக் கொடுப்பதும் இதே வேலையைச் செய்யும்.

ஆரில் பழைய முறையிலேயே கோட்டு முனையில் பெயர் எழுதுவது எளிதுதான், ஆனால் வலது ஓரம் இடம் தராது. மார்ஜின் இயல்பாகக் கீழே 5.1 வரி, இடதும் மேலும் 4.1, வலதில் வெறும் 2.1. பெயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்கும். வரைவதற்கு முன்பே பார் ஃபங்ஷனில் வலது ஓரத்தை ஏழு, எட்டு வரிக்கு அகலப்படுத்தி, எக்ஸ்பிடியை என்ஏ என்று வைத்தால் எழுத்து சட்டத்தைத் தாண்ட அனுமதி கிடைக்கும். பிறகு டெக்ஸ்ட் ஃபங்ஷனில் கடைசிப் புள்ளியைக் கொடுத்து, வலப்பக்கம் என்பதற்கு பாஸ் நான்கு. ஜீஜீபிளாட்டில் இதற்கு 2018 வரை படத்தின் உள்ளுறுப்பைப் பிரித்துத் திருத்த வேண்டியிருந்தது. இப்போது கோஆர்டு கார்ட்டீசியனில் கிளிப் ஆஃப் என்று ஒரு சொல். ஸ்டேட்டாவில் கடைசி வரிசைக்கு மட்டும் பெயர் வைத்த ஒரு மாறியை உண்டாக்கி, புள்ளி தெரியாத ஸ்கேட்டருக்கு அதை எம்லேபிளாகக் கொடுப்பார்கள். இந்த மூன்று வழியிலும் உள்ளே நடப்பது ஒன்றே: ஒவ்வொரு குழுவின் கடைசி வரிசையை மட்டும் பிரித்தெடுத்த ஒரு சிறு டேட்டாசெட்.

முனைகள் நெருங்கினால் எழுத்தின் மேல் எழுத்து ஏறும். எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். படத்தின் உயரம் 10 செ.மீ., அச்சு 0 முதல் 100 என்றால் ஒரு அலகுக்கு ஒரு மில்லிமீட்டர். 8 புள்ளி எழுத்துக்கு வரி இடைவெளியோடு ஏறக்குறைய 3.4 மி.மீ. வேண்டும். ஆக முனைகளுக்கிடையே 3.4 அலகுக்குக் குறைவாக இருந்தால் தள்ளித்தான் எழுத வேண்டும். ஜீஜீரிபெல் பேக்கேஜ் அந்தத் தள்ளலைச் செய்யும். நெடுக்காக மட்டும் தள்ளு, குறுக்கே நகர்த்தாதே என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பெயர்கள் படத்துக்குள் சிதறிவிடும். தள்ளிய பெயரிலிருந்து கோட்டு முனைக்கு மெல்லிய இழை ஒன்றும் இருக்கட்டும்.

கோட்டு முனைதான் எப்போதும் சரியான இடமா என்றால் இல்லை. அது சரியாக அமைந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சி வரைபடம். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை சேர்த்த தரவிலிருந்து வந்தது. ஆண் குழந்தையின் எடைக்கு ஐந்து கோடுகள். பிறக்கும்போது அவை 2.1, 2.5, 3.3, 4.4, 5.0 கிலோவில் தொடங்குகின்றன. ஐந்து வயதில் 12.4, 14.1, 18.3, 24.2, 27.9இல் முடிகின்றன. 30 கிலோவுக்கு 15 செ.மீ. உயரம் வைத்தால், இடது முனையில் அடியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ.தான் கிடைக்கும், வலது முனையில் 8 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். மைனஸ் 3, மைனஸ் 2, 0, 2, 3 என்ற திட்டவிலக்க எண்களை வலது ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். கிராமத்துச் செவிலியர் குழந்தையின் புள்ளியை வைத்துவிட்டு, கோட்டைப் பிடித்துக்கொண்டே வலப்பக்கம் போனால் அதன் பெயர் கிடைக்கும்.

உயிர்வாழ் கோடுகளில் கதை நேர்மாறு. அதே லங் டேட்டாவில் 250ஆம் நாளில் கணக்கில் இருப்பவர்கள் ஆண்கள் 62, பெண்கள் 53. 500ஆம் நாளில் 20, 21. 750இல் 7 பேரும் 3 பேரும். 1,000ஆவது நாளில் ஆண்கள் இருவர், பெண்கள் யாருமில்லை. கோட்டின் வால் இரண்டு மூன்று பேரின் மேல் நிற்கிறது. அங்கே பெரிய எழுத்தில் பெயர் எழுதினால் படிப்பவரின் கண் நேராக அங்கேதான் போகும். படத்திலேயே நம்பிக்கை குறைந்த இடம் அது. ஒரு வருடம் முடியும்போது பார்த்தால் ஆண்களில் உயிரோடு இருப்பதாகக் கணக்கிட்டது 34 சதவீதம், பெண்களில் 53 சதவீதம். கோடுகள் நன்றாக விலகி நிற்பதும் தரவு வலுவாக இருப்பதும் அந்தப் பகுதியில்தான். நான் பெயரை அங்கே, மேல்கோட்டுக்கு மேலேயும் கீழ்க்கோட்டுக்குக் கீழேயும் எழுதுகிறேன். ஃபிராங்க் ஹாரல் எழுதிய ஹெச்மிஸ்க் பேக்கேஜில் லேப்கர்வ் என்ற ஃபங்ஷன், கோடுகள் ஒன்றையொன்று விட்டு அதிகம் விலகியிருக்கிற இடத்தைத் தானே கண்டுபிடித்துப் பெயரை வைக்கும். டோபி ஹாக்கிங்கின் டைரக்ட்லேபிள்ஸ் பேக்கேஜிலும் இப்படிப் பல வழிகள் உண்டு. கோடு போகுமிடம் தெரியாமல் புரோகிராம் எழுதுகிற என் போன்றவர்களுக்கு இவை வரப்பிரசாதம்.

கோடுகள் மிகுந்துவிட்டால் எந்த வித்தையும் எடுபடாது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் ஒரே படத்தில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. 38 நிறங்களைப் பிரித்தறிய மனிதக் கண்ணால் முடியாது. எல்லாவற்றையும் வெளிர் சாம்பலில் ஓடவிட்டு, எதைப் பற்றிப் பேச வந்தோமோ அந்த மூன்று நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் நிறமும் பெயரும் கொடுக்கச் சொல்வேன். எல்லா மாவட்டமும் முக்கியம் என்று பிடிவாதம் பிடித்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம்.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணங்கள் பல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. ஆரின் பழைய நிறவரிசையில் கறுப்புக்கு அடுத்தபடி வந்தது சிவப்பு, அதற்கடுத்தது பச்சை, 2020இல் 4.0.0 பதிப்பில்தான் அந்த வரிசையின் சாயல்களைத் திருத்தினார்கள். ஒகாபே, இட்டோ என்ற ஜப்பானியர் இருவர் தேர்ந்தெடுத்த நிறத்தொகுதியும் அதே ஆரில் கிடைக்கிறது. கோடுகளுக்கு நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் கட்டுரை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைமாறுகிறது. அந்தத் தாளில் எந்த நிறமும் மிஞ்சாது, பெயர் மிஞ்சும்.

தமிழில் பெயர் எழுத வேண்டி வந்தால் தனிப்பாடு. ஆரின் சாதாரண பிடிஎஃப் வழியில் தமிழ் எழுத்துரு கிடையாது. கெய்ரோ பிடிஎஃப் அல்லது ராக் பேக்கேஜ் வழியாகப் போட்டால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். எந்த வழியானாலும் ‘கொ’, ‘பெண்கள்’, ‘மொத்தம்’ ஆகிய மூன்றையும் ஒரு வெற்றுப் படத்தில் எழுதிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவேன். ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்பது வலது ஓரத்தில் ஆங்கிலப் பெயரைப்போல இரண்டு பங்கு இடம் கேட்கும். இரண்டு வரியாக மடக்குவது நல்லது. மடக்கினால் மேலே சொன்ன 3.4 மி.மீ. கணக்கும் இரட்டிப்பாகும்.

படத்தை அனுப்புவதற்கு முன் நான் செய்கிற சோதனைக்கு மென்பொருள் தேவையில்லை. படத்தைத் தாளில் எடுத்து, 50 சதவீத உயரத்தில் அடிக்கோல் வைத்து, ஒவ்வொரு கோடும் அதைத் தொடுகிற நாளைப் படிப்பேன். பிறகு அந்தக் கோட்டின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, அட்டவணையில் அதே பெயருள்ள வரிசையில் மீடியனைப் பார்ப்பேன். லங் படமென்றால் ‘ஆண்கள்’ என்று எழுதிய கோடு 270 பக்கமும், ‘பெண்கள்’ என்று எழுதியது 426 பக்கமும் அடிக்கோலைத் தொட வேண்டும். அட்டவணையை எழுதியவர் ஒருவர், படத்தை எழுதியவர் இன்னொருவர் என்பதால் இரண்டிலும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு குறைவு. மீடியனையே தொடாமல் மேலேயே நின்றுவிடுகிற கோடுகளுக்கு ஒரு வருடக் கணக்கை வைத்து இதையே செய்யலாம்.